நீங்கள் நடத்தாத பாடம்

அன்புள்ள இளம் ஆசிரியருக்கு,

மாணவர் வாழ்வில் நிலைத்து நிற்கும் ஆசிரியராக வேண்டும் என்று விரும்புகிறீர்கள். அதற்கு அன்பும் பேச்சுத்திறனும் போதும் என்று பலர் உங்களிடம் சொல்வார்கள். அன்பில்லாமல் வகுப்புக்குள் காலெடுத்து வைக்கவே கூடாது. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் நெடுநாள் நிற்பது வேறொன்று என்று நினைக்கிறேன். தெரியாத ஒன்றை ஆசிரியர் எப்படித் தேடிப் படிக்கிறார் என்பதை மாணவர் கண்ணால் காண வேண்டும்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ.வே.சாமிநாதையர் 1871 முதல், 1876-இல் ஆசிரியர் மறையும் வரை படித்தார். பாடம் கேட்டவை பெரும்பாலும் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், தலபுராணங்கள். இன்று உ.வே.சா. என்றதும் நினைவுக்கு வரும் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியை அவர் பிள்ளையிடம் பாடம் கேட்டதில்லை. 1880-இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியார் அதைப் பற்றி விசாரித்த பிறகே அந்நூலில் இறங்கினார், 1887-இல் அச்சிட்டார். பொருள் விளங்காத இடங்களைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டுத் தெளிந்தார். சைவ மடத்துச் சூழலில் வளர்ந்த புலவருக்கு அது எளிதான காரியமல்ல. அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? அவருடைய ஆசிரியர் இளமையில் ஒரு பரதேசியின் பின்னால் அலைந்து தண்டியலங்காரம் பாடம் கேட்டவர். கிறிஸ்தவரான சவரிராயலு நாயகரையும் இஸ்லாமியரான நாகூர் குலாம் காதிறு நாவலரையும் மாணாக்கராக ஏற்றவர். அவர் செய்யுள் சொல்லச் சொல்ல மாணவர்களே ஏட்டில் எழுதினார்கள். ஒரு நூல் உருவாகும் வேலைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். பாடத்தில் இல்லாத நூல்களையும் எடுத்துப் பதிப்பிக்கும் மனம் இந்தப் பழக்கத்தில்தான் உருவானது என்பது என் துணிபு. ஆசிரியர் மறைந்து 57 ஆண்டுகள் கழித்து, 1933-இல், அவருடைய சரித்திரத்தின் முதல் பாகத்தை உ.வே.சா. வெளியிட்டார்.

உ.வே.சா. பிறவி மேதை, அவரை வைத்து விதி சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மேதைமையை எந்த ஆசிரியரும் ஊட்டிவிட முடியாது. ஆனால் தெரிந்ததை ஒப்பிப்பதே புலமை என்று பழகிய மேதை, தெரியாத நூலைக் கண்டால் ஒதுங்கிப் போகவும் கூடும். கையில் இருக்கும் திறமை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதில் ஆசிரியருக்குப் பங்குண்டு.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. குருகுலம் வேறு, பாடத்திட்டமும் பொதுத்தேர்வும் உள்ள பள்ளி வேறு என்பது அது. இதற்கு அமெரிக்க விமானப்படைக் கல்லூரியில் காரெல், வெஸ்ட் என்ற இருவர் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு உதவுகிறது. அங்கே மாணவர்களை ஆசிரியர்களுக்குக் குலுக்கல் முறையில் ஒதுக்குகிறார்கள். எல்லாப் பிரிவுக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு. அனுபவம் குறைந்த ஆசிரியர்களின் மாணவர்கள் அந்தப் பாடத்தில் கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள், ஆசிரியரையும் மெச்சினார்கள். அனுபவம் மிகுந்தவர்களிடம் படித்தவர்களோ, அடுத்து வந்த கடினமான பாடங்களில் முந்தினார்கள். காரணத்தை ஆய்வு அறுதியிட்டுச் சொல்லவில்லை. தேர்வுக்குள் நின்றுவிடாமல் பாடத்தின் ஆழத்துக்குப் போனதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது. ஆண்டு முடிவில் கிடைக்கும் பாராட்டும் தேர்ச்சி விழுக்காடும் உங்கள் வேலையின் முழு அளவுகோல் ஆகா என்பதற்கு இது வலுவான சான்று.

ஆனாலும் மதிப்பெண்ணை அலட்சியம் செய்யச் சொல்லமாட்டேன். வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் என்பது பாலிடெக்னிக்கோ மேல்நிலை வகுப்போ கிடைக்கும் வழி. அதைப் பறிக்க நமக்கு உரிமையில்லை. ஆகவே பாடப்பகுதியை முடியுங்கள், திருப்புதல் தேர்வுகளை ஒழுங்காக நடத்துங்கள். வாரத்தில் ஒரு பாடவேளையை மட்டும் ஒதுக்கி, உங்களுக்கே விடை தெரியாத கேள்வி ஒன்றைக் கரும்பலகையில் எழுதுங்கள். அகராதி, பழைய உரை, நூலகப் புத்தகம் என்று மாணவர் முன்னிலையிலேயே தேடுங்கள். தப்பாகப் போன வழியையும் அழிக்காமல் பலகையில் விட்டுவையுங்கள். பொதுத்தேர்வு நெருங்கும் வாரங்களில் இந்த வேளையையும் விட்டுக்கொடுக்க நேர்ந்தால் தயங்காமல் விட்டுக்கொடுங்கள். ஜூனில் மறுபடி தொடங்கிக்கொள்ளலாம்.