இரவில் பதியாத ஒலி

கேள்வி: வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கு ஒலிப் பயிற்சி மனத்தில் நிலைக்காதது ஏன்?
– வாசகி, திருமங்கலம்

பதில்: இக்குறைபாடு காது கேளாமையால் வருவதன்று, குழந்தைப் பருவத்தில் தொடங்கிப் பெரியவர்களிடமும் நீடிக்கும். ஒலிப் பயிற்சிக்கு ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்: மதுரை ஜவுளிக்கடையில் ஒலிக்கும் 'பத்து', 'பட்டு' இரண்டையும் தமிழ்ச் செவி உடனே பிரித்தறியும். ஆங்கிலத்தில் இந்த த–ட வேறுபாடு இல்லை. அதனால் அமெரிக்க ஆய்வாளர்கள் ஏர்ல், மையர்ஸ் ஆகியோர் இந்தியில் உள்ள இதே வகை ஒலிகளை ஆங்கிலம் பேசுவோருக்குக் கற்பித்து, தூக்கத்தின் பங்கை ஆராய்ந்தனர். லாண்டி என்ற ஆய்வாளரும் அவர்களுடன் சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், குறைபாடு உள்ள பெரியவர்கள் புதிய அயல்மொழி ஒலிகளைப் பயிற்சியின்போது மற்றவர்களுக்கு இணையாகவே கற்றனர். ஆனால் ஓர் இரவு தூங்கி எழுந்தபின் வரவேண்டிய முன்னேற்றம் அவர்களிடம் காணப்படவில்லை. ஆக, தடுமாற்றம் கற்பதில் அன்று, கற்றது நினைவில் உறைவதில் இருக்கலாம். அதைச் சோம்பல் என்று பழிப்பது பெரும் அநீதி.