வன்னிக்கு வேலைக்கு வருகிறவருக்கு

கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஒரு வருட ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. நீங்கள் ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்தவராக இருக்கலாம், சென்னையிலிருந்து வருபவராக இருக்கலாம். தமிழ் தெரியும்தானே, சமாளித்துவிடலாம் என்று நினைத்திருப்பீர்கள். மொழி உதவும். ஆனால் வன்னிச் சனத்துக்கு நிறுவனங்கள் தண்ணி பட்ட பாடு. 2002 சமாதான காலத்தில் வந்தவை, 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு முல்லைத்தீவுக் கரையில் குவிந்தவை, 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குள் தண்ணீர்த் தாங்கி வைத்தவை, மீள்குடியேற்றத்தோடு கூரைத் தகரம் கொண்டுவந்தவை என்று எல்லாவற்றையும் கண்டவர்கள். நீங்கள் படிவத்தோடு வந்து அவர்களைக் கணக்கெடுக்குமுன், அவர்கள் படிவம் இல்லாமலே உங்களைக் கணக்கெடுத்து முடித்துவிடுவார்கள். சொன்ன நேரத்துக்கு வருகிறாரா, ஏலாததை ஏலாது என்று சொல்கிறாரா என்பதுதான் அவர்கள் பார்ப்பது.

வருமுன்

சுற்றுலா விசாவில் வந்து இறங்கி வேலையைத் தொடங்காதீர்கள். உரிய விசா கைக்கு வந்த பிறகே புறப்படுங்கள். கொழும்பு கோட்டையிலிருந்து ரயிலில் வரலாம். போரில் அற்றுப்போன பாதை 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரை திரும்ப வந்தது. ஏ9 வழியே இரவு பஸ்ஸில் வந்தால் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்துவார்கள். இறங்கிக் கும்பிடுங்கள், கும்பிடாதவர் கச்சானாவது வாங்குங்கள். அந்த வேர்க்கடலை பேர்போனது.

வீடு பார்த்தல்

வாடகையைப் பற்றிப் பேசுமுன் கிணற்றைப் பாருங்கள். வீட்டுக்காரரின் கேத்திலுக்குள் எட்டிப் பார்த்தால் போதும்: அடியில் வெள்ளைப் படலம் தடித்திருந்தால் அந்தத் தண்ணீர் குளிக்கத்தான். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயாளிகள் அதிகம் என்பதால், சுத்திகரித்த தண்ணீரைக் கானில் வாங்கிக் குடிப்போர் நிறைய. நீங்களும் அப்படியே செய்யுங்கள். கூரை தகரமா ஓடா என்று கேளுங்கள்; சோளகம் வீசும் மாதங்களில் தகரத்தின் கீழே மத்தியானம் இருக்க முடியாது.

நிலத்தில் பாய் போட்டுப் படுக்க வேண்டாம். எண்ணெய் விரியன் இரவில் நடமாடும், நித்திரையில் இருப்பவரையே கூடுதலாகக் கடிக்கும், கடித்தது தெரியாமலும் போகும். கட்டிலில் படுத்து நுளம்பு வலையின் விளிம்பை மெத்தைக்குக் கீழே செருகிவிட்டால் பாம்புக்கும் இரவு நுளம்புக்கும் ஒரே மருந்து. கடித்தால் கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ வேண்டாம். நேரே மாவட்ட வைத்தியசாலை.

சமையல் வராதவர்கள் பட்டினி கிடக்கத் தேவையில்லை. பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகம் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருக்கிறது.

முதல் கிழமை

கச்சேரி (மாவட்டச் செயலகம்), பிரதேச செயலகம், கிராம அலுவலர் என்ற வரிசையை மாற்ற வேண்டாம். கிராம அலுவலரைத் தாண்டி ஒரு கூட்டம் வைத்தால் அடுத்த கூட்டத்துக்கு மண்டபம் கிடைக்காது. பிறகு கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம். நாள் குறிக்குமுன் சங்கத் தலைவியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். வயல் வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது? காலபோக விதைப்பிலும் அறுவடையிலும் ஒருவரும் வரமாட்டார்கள். கடன்காரர் வரும் நாள் எது? நுண்கடன் கம்பனிகள் கிழமைக்கு ஒருநாள் தவணை எடுக்க வரும். அன்றைக்கு மோட்டார் சைக்கிளில், தோளில் பையும் கையில் கோப்புமாக ஒருவர் ஒழுங்கைக்குள் திரும்பினால் படலைகள் சாத்தப்படும், வீட்டுக்குள்ளிருந்து ஒரு சின்னப் பிள்ளை வந்து "அம்மா இல்லை" என்று சொல்லும். தூரத்திலிருந்து பார்த்தால் உங்களுக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆகவே வேறொரு நாளில், சங்கத்து அக்கா ஒருவரோடு போங்கள்.

மே 18, நவம்பர் 27 ஆகிய நினைவு நாள்களில் கூட்டம், பயிற்சி, விழா எதையும் வைக்காதீர்கள். முல்லைத்தீவுக் கரையில் டிசம்பர் 26உம் அப்படித்தான்.

வளவுக்குள்

படலையில் நின்று குரல் கொடுங்கள். செருப்பை வாசலில் கழற்றுங்கள். வீட்டிலிருக்கும் ஒரே கதிரையை உங்களுக்குத் துடைத்துப் போடுவார்கள். வீட்டில் வயசானவர் இருந்தால் அவரை இருத்திவிட்டு நீங்கள் திண்ணையில் இருங்கள். "இருங்கோ பிள்ளை, ரீ ஊத்திறன்" என்றால் மறுக்காதீர்கள். சீனி கூடத்தான் இருக்கும். அக்கா, ஐயா, அம்மம்மா என்று கூப்பிடுங்கள். அவர்கள் 'சேர்', 'மிஸ்' என்பதை விட்டுத் 'தம்பி', 'பிள்ளை' என்று தொடங்கும்வரை குடும்ப விபரம் கேட்க அவசரப்பட வேண்டாம்.

சுவரில் மாலை போட்ட படம் இருக்கும். அதைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். சொல்ல நினைத்தால் சொல்வார்கள். சொன்னால் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். காணாமல் ஆக்கப்பட்டவரை 'இறந்தவர்' என்ற நிரலில் எழுதிவிடாதீர்கள். அந்த ஒரு கோடு போதும், அந்தத் தாய் மறுபடி உங்களோடு பேசமாட்டார்.

வன்னி முழுவதும் ஒரே சனம் என்ற எண்ணத்தோடு பட்டியல் தயாரிப்பது பெரிய பிழை. கலவரங்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்து பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற இடங்களில் குடியேறியோரில் பலருக்கு வாய்க்கால் தண்ணீர் எட்டாத காணிதான் கிடைத்தது. காணிப் பத்திரமும் இழுபறி. 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்கள் முல்லைத்தீவில் இருக்கின்றன. சங்கக் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்து நன்றாகப் பேசுகிறவர் தரும் பட்டியலில் இவர்களின் பெயர் கடைசியில்தான் வரும், சிலவேளை வராது. ஒழுங்கையின் கடைசி வீடு வரை நீங்களே நடந்து போய்ப் பாருங்கள்.

வீதியும் மழையும்

பழகிய பாதையை விட்டு இறங்காதீர்கள், அவசரத்துக்கு ஒதுங்குவதற்கும்கூட. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. ஹலோ ட்ரஸ்ட், மக், டாஷ், ஷார்ப் ஆகிய நிறுவனங்களோடு இராணுவமும் வெடி அகற்றியது. ஆனாலும் முகமாலை போன்ற பழைய முன்னரங்குகளில் வேலை ஆண்டுக்கணக்காக இழுத்தது. மண்டையோட்டுப் பலகையைக் கண்டால் திரும்புங்கள். பலகை இல்லாத பற்றைக் காணியைப் பற்றி ஊர்க்காரரைக் கேளுங்கள். மாடு மேய்க்கிற பொடியனுக்குத் தெரிந்தது உங்கள் வரைபடத்தில் இராது.

மாரியில் இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்த செய்தி வந்தால் அன்றைய பயணத்தை விடுங்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டும் ஒரே இரவில் மூழ்கின. அப்படியான நாளில் வராமல் விட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள், முதலே தொலைபேசியில் சொல்லியிருந்தால்.

போகும்போது

விடைபெறுவதைத்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். 2008 செப்டெம்பரில் அரசாங்கம் உத்தரவிட, ஐ.நா. உட்பட ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேறின. கிளிநொச்சி ஐ.நா. அலுவலக வாசலில் சனம் கூடிப் போக வேண்டாம் என்று கெஞ்சியது. அதன் பிறகு நடந்ததை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. உங்கள் திட்டம் முடிவது அதோடு ஒப்பிடக்கூடியதல்ல. ஆனால் சொல்லாமல் போன வெள்ளை வாகனத்தை ஊர் மறக்காது.

எனவே முடியும் திகதியை முதல் கூட்டத்திலேயே சொல்லுங்கள். மூன்று மாதம் இருக்கும்போது மறுபடி சொல்லுங்கள். "அடுத்த கட்டம் வரும், பார்ப்பம்" என்று இழுக்காதீர்கள். அதை நம்பிக் கடன் எடுப்பவர்கள் உண்டு. பாதியில் நிற்கும் கிணறு, கொடுபடாத கொடுப்பனவு ஆகியவற்றின் விபரத்தைப் பிரதேச செயலகத்துக்கும் சங்கத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். உங்களுக்கு மொழியும் வழியும் காட்டிய உள்ளூர்ப் பணியாளர் உங்களோடு சேர்ந்து வேலை இழக்கிறார். அவருடைய சான்றுக் கடிதத்தை விமான நிலையத்தில் இருந்து எழுதாமல் இங்கே இருக்கும்போதே எழுதிக் கையொப்பமிடுங்கள். வீடு வீடாக எடுத்த படங்களும் பெயர்ப் பட்டியலும் உங்கள் சொந்தத் தொலைபேசியில் இருந்தால், அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு அழித்துவிடுங்கள்.