பெயர்ப்பலகை வழியே ஒரு தமிழ்ப் பாடம்

முருங்கையைத் தாவரவியலாளர் ‘மொரிங்கா ஒலெய்ஃபெரா’ என்பர். இப்பெயரின் முதற்சொல் இலத்தீனும் அன்று, கிரேக்கமும் அன்று. எமது முருங்கையே ஐரோப்பியர் நாவிற் புகுந்து மொரிங்காவாக வெளிவந்துள்ளது. இதனை வகுப்பிற் கூறியபோது மாணவர்கள் பெரிதும் வியந்தனர். எனினும், முருங்கையிலையைக் கரும்பலகையில் வரைந்து காட்டுமாறு கேட்டபோது ஒருவரும் எழுந்து வரவில்லை. உறைகுளிர்ப் பெட்டியில் துண்டு துண்டாகக் கிடக்கும் காயே அவர்கள் கண்ட முருங்கை.

புலம்பெயர்ந்த நாட்டிலே தமிழ் கற்பிப்போர் எதிர்கொள்ளும் இடர்களுள் இதனையே நாம் பெரிதென எண்ணுகின்றோம். ‘பனை’ என்று பிழையற எழுதும் பிள்ளைக்கு அச்சொல் வெறும் இரண்டெழுத்து. பொருளைக் காணாத சொல் தேர்வு முடியும்வரை நினைவில் நிற்கும், பின்னர் உதிர்ந்துவிடும். இக்குறையைச் சிறிதளவேனும் தீர்க்க இலண்டன் மாநகரிலேயே ஓர் இடம் உண்டு. அதுவே கியூ அரச தாவரவியற் பூங்கா.

‘பூங்கா’ என்ற சொல்லைக் கேட்டதும் பந்து விளையாடும் புற்றரை பிள்ளைகளின் மனத்தில் தோன்றும். தாவரவியற் பூங்கா அத்தகையதன்று. அது உயிருள்ள நூலகம். நூல்களுக்கு உள்ளதுபோல அங்குள்ள தாவரங்களுக்கும் பதிவுண்டு. கியூ, 1759 ஆம் ஆண்டில் இளவரசி ஒகஸ்ராவின் சிறு தாவரத் தோட்டமாகத் தொடங்கியது. 1840 இல் அரசுடைமையாகி மக்களுக்குரியதாயிற்று. 2003 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இன்று ஏறத்தாழ 130 ஹெக்டேயர் பரப்புடையது. பள்ளிக் குழுக்கள் முன்பதிவு செய்து சென்று பயிலலாம். தொண்டர்கள் வழிகாட்டும் நடைகளும் உள.

அங்கே நாம் பிள்ளைகளை முதலில் நிறுத்தும் இடம் மரத்தின் முன்னன்று. அதன் பெயர்ப்பலகையின் முன்னேயாகும். சிறு பலகைதான். ஆயினும் அதிற் குடும்பப் பெயர், அறிவியற் பெயர், பொதுப்பெயர், பிறந்த நிலம், பதிவெண் ஆகியன காணப்படும். பதிவெண்ணின் முதல் நான்கு இலக்கங்கள் அத்தாவரம் பூங்காவுக்கு வந்த ஆண்டைக் குறிப்பன. தம் பெற்றோர் இந்நாட்டுக்கு வந்த ஆண்டிலே வந்த மரமொன்றைத் தேடச் சொன்னால், சோம்பியிருக்கும் பிள்ளையும் ஓடத் தொடங்கும்.

அறிவியற் பெயர் இரு சொற்களால் ஆனது. இம்முறையை 1753 இல் வெளியான நூலிலே நிலைநாட்டியவர் சுவீடன் நாட்டு அறிஞர் இலின்னேயசு. முதற்சொல்லை எமது ஈழத்துப் பாடநூல்கள் ‘சாதி’ என்றும், இரண்டாவதை ‘இனம்’ என்றும் வழங்கின. தமிழகத்தார் பேரினம், சிற்றினம் என்பர். நாம் வகுப்பிலே பேரினம் என்ற சொல்லையே ஆளுகின்றோம். காரணத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இப்பெயர்களுக்குள்ளே தமிழும் மலையாளமுமாகிய உடன்பிறந்த மொழிகளின் சொற்கள் பல மறைந்துள்ளன. மாவின் பெயர் ‘மாங்கிஃபெரா இண்டிகா’. மாங்காயைத் தாங்குவது என்பது பொருள். வெற்றிலை ‘பைப்பர் பெற்றில்’ ஆயிற்று. கமுகின் ‘அரேகா’வில் அடைக்காய் ஒளிந்திருக்கிறது. ஏலத்தின் ‘எலெற்றாரியா’ மலையாளத்து ஏலத்தரியே. ஒல்லாந்த ஆளுநர் வான் ரீட் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவரச் செய்த மலபார்த் தாவர நூல் இத்தகைய பெயர்களை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றது. தாமரையின் ‘நெலும்போ’ சிங்களச் சொல்லாகிய ‘நெலும்’ என்பதிலிருந்து பிறந்தது. இதனையும் மறைக்காது சொல்லிக்கொடுக்க வேண்டும். கறிவேப்பிலையின் பெயரில் உள்ள ‘கேனிகி’ என்பது, 1768 இல் தரங்கம்பாடிக்கு வந்து பணியாற்றிய கேனிக் என்னும் மருத்துவரை நினைவூட்டுவது. நாம் சாம்பாரில் எடுத்தெறியும் இலைக்குப் பின்னால் இத்தனை செய்தி.

பெயர் அறிவதால் என்ன பயன் என்று வினவும் பிள்ளைக்குச் சொல்லத் தக்க செய்தி ஒன்றுண்டு. தென்னமெரிக்காவின் பேரல்லி ஒன்றின் உலர்ந்த மாதிரி கியூவின் உலர்தாவரக் களஞ்சியத்தில் 177 ஆண்டுகள் கிடந்தது. எழுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைக் கொண்ட களஞ்சியம் அது. கற்றறிந்தோர் பலர் கண்டும், அதனை அமேசன் அல்லி என்றே கொண்டனர். இலை மூன்று மீற்றர் அகலம்வரை விரியும் அத்தாவரம் வேறோர் இனம் என்பது 2022 இலேயே அறிவிக்கப்பட்டது. ‘விக்டோரியா பொலிவியானா’ எனப் பெயரும் பெற்றது. அத்துணைப் பெரிய தாவரமும் தனக்குரிய பெயரின்றி எவர் கண்ணுக்கும் தனித்துப் புலப்படவில்லை.

பெயர்ப்பலகை சொல்லாத செய்திகளும் உள. இறப்பர் மரத்தின் பலகையிற் பிறந்த நிலம் தென்னமெரிக்கா என்றிருக்கும். அது கடந்த வழி அதில் இராது. 1876 இல் விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளைக் கியூவுக்குக் கொணர்ந்தார். அவற்றுள் நூற்றுக்கு நான்களவே முளைத்தன. அந்நாற்றுகளுள் ஏறக்குறைய 1,900, அவ்வாண்டிலேயே கண்ணாடிப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு இலங்கைக்குக் கப்பலேறின. கம்பகாவை அடுத்த எனரத்கொடைத் தோட்டத்திலே நடப்பட்டன. பின்னர் தோட்டங்கள் பெருகின. கோப்பிக்கும் தேயிலைக்கும் போலவே இறப்பருக்கும் தமிழகத்து ஏழை மக்கள் கங்காணிமார் வழியே கொண்டுவரப்பட்டனர். நாற்றுகளை எண்ணிப் பதிந்தோர் இருந்தனர். அம்மக்களின் வழித்தோன்றல்களுள் மிகப் பலரோ 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமையும் இழந்தனர். மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் எம் வகுப்பில் உள்ளனர். கண்ணாடி மாளிகையின் அழகை வியப்பதோடு பாடத்தை முடித்துக்கொண்டால் அது அரைப்பாடமே.

இனி, நாம் கைக்கொள்ளும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். செல்வதற்கு முதல் வாரம் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலுள்ள மூத்தோரிடம் ஐந்து தாவரப் பெயர்களைக் கேட்டு எழுதிவரும். அம்மம்மா, அப்பப்பா தொலைவில் இருப்பின் தொலைபேசியிற் கேட்கலாம். பூங்காவில் அவற்றையோ அவற்றின் உறவுகளையோ தேடவேண்டும். நீரல்லி இல்லத்தில் அல்லி, தாமரையோடு சுரை, பீர்க்குப் போன்ற கொடிகளும் கோடைகாலத்தில் வளர்க்கப்படுவது வழக்கம். மேலே தொங்கும் சுரைக்காயைத் தமிழில் முதலிற் கூவி அழைப்பவருக்கே வெற்றி. ஓக், பீச் முதலிய இந்நாட்டு மரங்களுக்குப் புதுப்பெயர் புனைந்து பிள்ளைகளை வருத்துதல் எமக்கு உடன்பாடன்று. ஓக்கை ஓக் என்றே எழுதலாம்.

வீடு திரும்பியபின் ஒவ்வொருவரும் ஒரு தாவரத்துக்குத் தமிழிற் பெயர்ப்பலகை எழுதவேண்டும். பூங்காவின் பலகையில் இல்லாத ஒரு வரியை நாம் சேர்த்துள்ளோம்: ‘இப்பெயரை எனக்குச் சொன்னவர்’. சென்ற முறை வந்த பலகைகளுள் ஒன்று இது: ‘பெயர்: சுரை. குடும்பம்: பூசணி. ஊரில் இருந்த இடம்: கிணற்றடிப் பந்தல். இப்பெயரை எனக்குச் சொன்னவர்: அப்பப்பா, தொலைபேசியில், இரண்டு முறை.’

நீரல்லி இல்லம் குளிர்காலத்தில் மூடப்படுவதால் இப்பாடத்தை ஆனி மாதத்தில் வைத்துக்கொள்வது நன்று. புறப்படுமுன் எந்தெந்த இல்லங்கள் திறந்துள்ளன என்பதை விசாரித்தறிதலும் வேண்டும். மழைச்சட்டை அவசியம், கண்ணாடி இல்லத்தினுள் அதனைக் கழற்றிவிடுதல் அதனினும் அவசியம். உள்ளே ஊர் வெக்கை.