கரை கடக்கும் இடத்தை மட்டும் கேட்காதீர்கள்

“புயல் ஆந்திராவுக்குப் போகுது, நமக்கு ஒண்ணும் இல்லை.” ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையின்போதும் சென்னையின் டீக்கடைகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றிவரும் பேச்சு இது. எத்தனை முறை மறுத்தாலும், அடுத்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானதும் மறுபடி கிளம்பிவிடுகிறது. இதை நம்பியவர்களுக்கு 2023 டிசம்பர் மாதம் ஒன்றே போதாதா?

அந்த மாதம் 5ஆம் தேதி மிக்ஜாம் புயல் கரை கடந்தது பாபட்லா அருகே. சென்னைக்கு வடக்கே சுமார் 300 கி.மீ. தள்ளி. ஆனால் 3, 4 தேதிகளிலேயே வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் வெள்ளத்தில் மூழ்கின. காரணம் எளிது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில், கடலில், புயல் மிக மெதுவாக நகர்ந்தது. மையம் கடலில்தான் இருந்தது. அதைச் சுற்றிய மழைமேகங்கள் நகரின் மேல் நின்று கொட்டித் தீர்த்தன.

புயல் ஒரு புள்ளி அல்ல. மையத்தைச் சுற்றிப் பல நூறு கி.மீ. பரந்து சுழலும் மேகத்திரள். வானிலை ஆய்வு மையத்தின் பாதைப் படத்தில் உள்ள கூம்பு, மையம் எங்கெல்லாம் போகக்கூடும் என்பதை மட்டுமே காட்டுகிறது. மழையும் காற்றும் அதற்குள் அடங்கிவிடும் என்று அது எங்கும் சொல்லவில்லை. கூம்புக்கு வெளியே தன் ஊர் இருப்பதைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கப் போவது அறியாமை. பார்க்க வேண்டியது தன் மாவட்டத்துக்கு வந்திருக்கும் எச்சரிக்கை: மஞ்சளா, ஆரஞ்சா, சிவப்பா?

கடற்கரையில் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் அதன்பின் வலுவிழந்தது. ஆனாலும் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பெய்தது. திருவண்ணாமலையில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள்.

மற்ற நம்பிக்கைகளுக்குச் சுருக்கமான பதில்களே போதும்.

“போன தடவையும் இப்படித்தான் பயமுறுத்தினாங்க.” 2016 டிசம்பர் 2 அன்று நாடா புயல் வலுவிழந்துதான் கரை கடந்தது. பத்தே நாளில் வர்தா புயல் வந்து சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது.

“காற்று நின்னுடுச்சு, வெளியே போகலாம்.” அது புயலின் கண்ணாக இருக்கலாம். அது கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் அடிக்கும்.

“வீட்டை விட்டுப் போய் என்ன ஆகப்போகுது?” இதற்கு ஒடிசாவே பதில். 1999இல் அங்கே புயலும் கடல் கொந்தளிப்பும் சுமார் 10,000 உயிர்களைப் பறித்தன. 2013இல் பைலின் புயல் தாக்கும் முன் ஏறத்தாழ 10 லட்சம் பேர் இடம் மாற்றப்பட்டார்கள். இறந்தவர்கள் 50க்கும் குறைவு. முன்னறிவிப்பு மேம்பட்டிருந்தது, முகாம்கள் கட்டப்பட்டிருந்தன, மக்கள் கிளம்பினார்கள்.

கிளம்பாதவர்களை மட்டும் திட்டுவதிலும் நியாயமில்லை. கடலோரக் கிராமத்தில் ஒரு பசுவும் நான்கு ஆடுகளும்தான் ஒரு குடும்பத்தின் சொத்து. அவற்றைக் கட்ட இடமில்லாத முகாமுக்கு யார் மனதார வருவார்கள்? பெண்களுக்குத் தனிக் கழிவறை இல்லாத இடத்தில் இரவு எப்படித் தங்குவார்கள்? ஒவ்வொரு புயல் பாதுகாப்பு மையத்திலும் கால்நடைக் கொட்டகையும் கழிவறையும் கட்டாயமாக்கப்பட வேண்டும். அதை ஊராட்சிக் கூட்டத்தில் இப்போதே கேளுங்கள். எச்சரிக்கை வரும் நாளில் மாடு, ஆடுகளை அவிழ்த்துக்கொண்டு, இருட்டுவதற்கு முன் கிளம்புங்கள்.