நஞ்சில்லா அரிசி சாப்பிட்டால் சர்க்கரை நோய் வராதா?

விதைத் திருவிழாக்களில் அரிசி மூட்டையோடு உட்காரும்போது என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான்: "அண்ணே, மாப்பிள்ளைச் சம்பா சாப்பிட்டா சுகர் போயிடுமா?" போகாதுன்னு சொல்லிவிட்டுத்தான் நிறுத்துக் கொடுப்பேன். வாங்காமல் நகர்ந்து போகிறவர்களும் உண்டு. "ஒரு மண்டலம் சாப்பிடுங்க, மாத்திரையே வேணாம்" என்று சொல்லி விற்கிற கடைகள் இருக்கே! அந்தப் பேச்சை நம்பி மாத்திரையை நிறுத்தியவருக்குக் கண்ணோ சிறுநீரகமோ கெட்டால், பழி அந்த ஒரு கடையோடு நிற்காது. இயற்கை வேளாண்மை செய்கிற எல்லார் தலையிலும் விழும்.

இரசாயனம் இல்லாமல் விளைவித்த நெல்லில் நஞ்சு இல்லை. அது பெரிய விஷயம். ஆனால் மாவுச்சத்து மாவுச்சத்துதான். நூறு கிராம் வெள்ளை அரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து. தவிடு நீக்காத அரிசியிலும் முக்கால் பங்கு அதுவே. அப்படியானால் தவிட்டால் என்ன பயன்? அதிலுள்ள நார்ச்சத்து செரிமானத்தை நிதானப்படுத்துகிறது. சர்க்கரை ஒரேயடியாக ரத்தத்தில் ஏறாமல் மெல்ல ஏறுகிறது. பி வைட்டமின்களும் தவிட்டிலும் முளையிலும்தான் அதிகம். அரிசியைப் பளபளன்னு தீட்டி, சத்தையெல்லாம் மாட்டுக்கு வைக்கிறோம். மாடு நல்லாத்தான் இருக்கு!

2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நோய்க்கு முந்தைய கட்டத்தில் இருப்பவர்கள் 13 கோடிக்கும் மேல். இந்த இரண்டாவது கூட்டத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் திரும்பி வர இவர்களுக்கு வழி இருக்கிறது. சென்னை மருத்துவர்கள் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. அந்தக் கட்டத்தில் இருந்த 531 பேரைப் பிரித்து, சுமார் இரண்டரை ஆண்டு கவனித்தார்கள். வழக்கம்போல் வாழ்ந்த குழுவில் 55 சதவீதம் பேர் நோயாளி ஆனார்கள். உணவை மாற்றி, தினமும் அரைமணி நேரமாவது நடந்த குழுவில் அது 39 சதவீதம். மாத்திரை கொடுத்த குழுவிலும் கிட்டத்தட்ட அதே அளவு பலன்தான். எல்லாரையும் காப்பாற்றவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நடப்பது நமக்கு எதுக்கு, நாமதான் உழவராச்சேன்னு தோணும். எங்க அப்பா காலத்தில் நாற்றுக்கட்டு சுமந்து, அறுத்து, களத்தில் கட்டடித்தார்கள். தட்டு நிறையச் சோறு தின்றார்கள். உடம்பு அதை எரித்தது. இன்று உழவுக்கு டிராக்டர், நடவுக்கு இயந்திரம், அறுப்புக்கு இயந்திரம். மோட்டாரைக்கூட செல்போனில் போடுகிறோம், வரப்பு வரைக்கும் பைக். சோற்றின் அளவு மட்டும் அப்பா காலத்து அளவிலேயே நிற்கிறது.

அதனால் அரிசி ரகத்தைப் பார்ப்பதற்கு முன் தட்டைப் பாருங்கள். தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு பருப்போ சுண்டலோ முட்டை மீனோ, மீதிக் கால் பங்குதான் சோறு. நம் வீடுகளில் சோறு மலை மாதிரி இருக்கும், கூட்டு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். டெல்டாவில் சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்னால் உளுந்து தெளிக்கிறோம். விளைந்ததை ஒட்டுமொத்தமாக விற்றுவிட்டு வீட்டுக்குக் கடையில் கால்கிலோ வாங்குகிறோம். ஆண்டுக்குத் தேவையானதை முதலில் ஒதுக்கிவிட்டு மீதியை விற்கலாம். வரப்பில் தட்டைப்பயறு, வேலியில் முருங்கை, பந்தலில் அவரை இருந்தால் தட்டின் முக்கால் பங்குக்குக் காசு செலவில்லை.

சிறுதானியத்திலும் கொஞ்சம் ஏமாற்று இருக்கிறது. சாமை, வரகு, தினையை வெள்ளையாகத் தீட்டி விற்கிறார்கள். வாங்கும்போது பழுப்பு நிறம் தெரிகிறதா என்று பாருங்கள். கேழ்வரகையும் நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை வேகமாகத்தான் ஏறும். குருணையாக உடைத்து, காயும் பருப்பும் போட்டுச் சமைத்தால் நல்லது. நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் மூன்றுமே சர்க்கரை நோயாளியின் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் சேரும். இவற்றை விற்கிற நம் ஆட்களே இதைச் சொல்லியாகணும்.

உப்பு ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

முப்பது வயது தாண்டிய எல்லாரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள், இலவசம்தான். வெறும் வயிற்றில் 100க்குக் கீழே என்றால் சரி. 100 முதல் 125 வரை என்றால் நான் சொன்ன தட்டையும் நடையையும் அன்றே ஆரம்பிக்கலாம். 126க்கு மேல் போனால் மருத்துவர் மறுபடி ஒருமுறை பார்த்து உறுதி செய்வார். ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர்கள் உணவை மாற்றினால் சர்க்கரை ரொம்ப இறங்கவும் வாய்ப்புண்டு, அதனால் அவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் அவர் வேலை.