பழைய எண்ணெய்க்கும் ஒரு பற்று வரவு

சென்ற ஆண்டுத் தணிக்கையின்போது வெண்ணாற்றுப் பாசனத்தைச் சேர்ந்த கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் இரண்டு நாட்கள் தங்க நேர்ந்தது. அச்சங்கம் மூன்று டிராக்டர்களையும் ஓர் அறுவடை இயந்திரத்தையும் வைத்துக்கொண்டு அங்கத்தினர்களுக்கு வாடகைக்கு விட்டு வருகிறது. கணக்குகள் பாராட்டத்தக்க முறையில் இருந்தன. புதிய என்ஜின் எண்ணெய் வாங்கிய வரவும், எந்த வண்டிக்கு எந்தத் தேதியில் எவ்வளவு ஊற்றப்பட்டது என்ற விவரமும் அரை லிட்டர் பிசகாமல் எழுதப்பட்டிருந்தன. "புதிதை ஊற்றுமுன் வடித்தெடுத்த பழைய எண்ணெய் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேட்டேன். காரியதரிசி சற்றுத் தயங்கி, "அது கணக்கில் வருகிற சரக்கு இல்லையே, ஐயா" என்றார்.

பின்னர் அவரே கொட்டகையின் பின்புறம் அழைத்துச் சென்றார். நாலு முழ அகலத்திற்குத் தரை கறுத்து இறுகிக் கிடந்தது, புல் முளைக்கவில்லை. அதற்குப் பத்தடி தள்ளி வடிகால் வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது.

நாற்பது, ஐம்பது குதிரைசக்தி டிராக்டர் ஒன்றில் எண்ணெய் மாற்றும்போது ஏழெட்டு லிட்டர் வடிகிறது. ஏறக்குறைய 250 மணி நேர ஓட்டத்திற்கு ஒருமுறை மாற்றவேண்டும். ஆண்டில் ஆயிரம் மணி ஓடும் மூன்று வண்டிகளும் அறுவடை இயந்திரமும் சேர்ந்தால், ஆண்டுக்கு நூறு லிட்டருக்கு மேல் பழைய எண்ணெய் சேரும். இத்தனையும் எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் மறைந்துபோகிறது. கணக்குப் பார்ப்பவனுக்கு, வரவு இருந்து செலவு இல்லாத சரக்கைக் கண்டால் உறக்கம் வராது.

நூறு லிட்டர் என்ன செய்துவிடும் என்று கேட்போருக்கு நம் விவசாயிகளே அறிந்த ஒரு கணக்கைச் சொல்லுகிறேன். நாற்றங்காலில் கூண்டுப்புழு கண்டால், 20 சென்ட் நாற்றங்காலின் நீரில் 250 மில்லி மண்ணெண்ணெயைக் கலந்து, பயிரின்மேல் கயிற்றை இழுத்து, உதிர்ந்த புழுக்களோடு நீரை வடித்துவிடும்படி வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. கால் லிட்டர் எண்ணெய் 20 சென்ட் நீர்ப்பரப்பில் ஏடாகப் படர்ந்து வேலை செய்கிறது. அதே விகிதப்படி எட்டு லிட்டர், அதாவது ஒரு டிராக்டரின் ஒருமுறை வடிப்பு, ஆறரை ஏக்கர் அளவு நீரை மூடும். மண்ணெண்ணெயாவது சில நாட்களில் ஆவியாகிவிடும். என்ஜின் எண்ணெய் ஆவியாவதில்லை. தேய்ந்த உலோகத் துகள்களையும் எரிபொருளின் கசடையும் சுமந்துகொண்டு நாற்றின் தண்டிலும் வாய்க்கால் கரையிலும் ஒட்டிக்கொள்ளுகிறது. நீருக்குள் காற்று இறங்குவதும் தடைப்படுகிறது.

மேலும், டெல்டாவில் வடிகால் என்பது முடிவிடம் அன்று. ஓர் ஊரின் வடிகால் அடுத்த ஊருக்குப் பாசன வாய்க்காலாகிறது. ஒரு வயல் நிரம்பி வழிந்த நீர் மறு வயலுக்குப் பாய்கிறது. மேலே கொட்டியதைக் கடைமடைக்காரர்தாம் பெறுகிறார்கள்.

2017ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து கச்சா எண்ணெய் வயலில் பரவியபோது மக்கள் கொதித்தெழுந்ததை எல்லோரும் அறிவோம். 2020ஆம் ஆண்டில் காவிரிப் படுகை, சட்டத்தின் மூலம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கப்பட்டது. அந்த அக்கறை நம் சங்கத்துக் கொட்டகை வரையில் வந்து சேரவில்லை என்பதுதான் என் மனக்குறை.

கீழே கொட்டாத இடங்களில் மட்டும் காரியம் சரியாக நடக்கிறதா என்றால், அதுவும் இல்லை. சிலர் கரையானுக்காக மரத்தூண்களில் பூசுகிறார்கள். சிலர் புழுங்கல் அரிசி ஆலையின் அடுப்பில் உமியோடு சேர்த்து எரிக்கிறார்கள். அந்தப் புகை நெல் உலர்த்தும் களத்தின்மேலேயே படிகிறது. பெரும்பாலோர் மிதிவண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் கேனுடன் வரும் வியாபாரிக்கு விற்றுவிடுகிறார்கள். அவர் ரொக்கம் தருகிறார், ரசீது தருவதில்லை. அவர் கொண்டுபோன எண்ணெய் நிறம் நீக்கப்பட்டுப் புதிய தகரத்தில் அடைபட்டு நம்மிடமே திரும்பி வருவதும் உண்டு.

இனிச் சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். 2016ஆம் ஆண்டின் அபாயகரமான மற்றும் பிற கழிவுகள் விதிகளின் முதல் அட்டவணையில் பயன்படுத்திய எண்ணெய் இடம்பெற்றிருக்கிறது. எண்ணெய் கலந்த கசடும், எண்ணெயும் ரசாயனமும் தோய்ந்த துடைதுணியும் அதே அட்டவணையில் உள்ளன. இவற்றை அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடமோ, மறுசுத்திகரிப்பாளரிடமோ, கழிவு நிலையத்திடமோ மட்டுமே ஒப்படைக்கவேண்டும். இவற்றை உண்டாக்குகிறவரும் பொதுவாக மாசு கட்டுப்பாடு வாரியத்தின் அனுமதி பெறவேண்டும் என்பது விதி. இதைக் கேட்டவுடன் நிர்வாகக் குழுவினர் அஞ்சுவது இயல்பு. ஆனால் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு சலுகை அளிக்கிறது. நீர்ச் சட்டம், காற்றுச் சட்டம் ஆகியவற்றின் கீழ் இசைவு பெறத் தேவையில்லாத தொழில்களுக்கு இந்த அனுமதியும் தேவையில்லை. ஆனால் கழிவை அனுமதி பெற்றவரிடமே ஒப்படைத்திருக்கவேண்டும். ஒப்படைத்ததற்கு ஆதாரம் இல்லாவிட்டால், சலுகை நமக்கு உரியது என்பதை எதைக் கொண்டு நிறுவுவது?

தம் சொந்த வண்டிகளை மட்டும் பராமரிக்கும் சங்கமும், வெளியார் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையும் ஒன்றல்ல. வாகனப் பழுதுபார்ப்பு 2016ஆம் ஆண்டு வகைப்பாட்டில் ஆரஞ்சு வகையைச் சேர்ந்தது. அதற்கு இசைவு வேண்டும். தம் சங்கம் எந்த வகை என்பதை வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திற்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்திலேயே பெற்றுக் கோப்பில் வைத்துக்கொள்ளுவது நலம். வாய்மொழிப் பதில் தணிக்கைக்கு உதவாது. மீறினால் வரும் தண்டம் சிறிதன்று: சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படி 2024 ஏப்ரல் முதல் அது குறைந்தது பத்தாயிரம் ரூபாய்; பதினைந்து லட்சம் வரையில் உயரலாம். சங்கப் பணத்திலிருந்து அதைக் கட்டினால் பொதுப்பேரவையில் யார் பதில் சொல்லுவது?

எல்லாவற்றினும் முக்கியமாக நான் வற்புறுத்த விரும்புவது, கலக்கக்கூடாது என்பதே. தனியாக வைத்த என்ஜின் எண்ணெய் ஒரு சரக்கு. அதை மறுசுத்திகரித்தால் சரிபாதிக்கு மேல் நல்ல எண்ணெயாகத் திரும்பக் கிடைக்கிறது. மசகு எண்ணெய் உற்பத்தி செய்வோரும் இறக்குமதி செய்வோரும் பழைய எண்ணெயின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்கவேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருப்பதால், முறையாக வரும் எண்ணெய்க்குத் தேவை கூடுவதற்கும் இடமுண்டு. அதில் ஒரு குவளை தின்னரையோ, பிரேக் எண்ணெயையோ, பாகங்களைக் கழுவிய பெட்ரோலையோ ஊற்றிவிட்டால் சுத்திகரிப்பாளர் அதை ஏற்கமாட்டார். வாங்குவார் இருந்த பொருள், நாமே பணம் கொடுத்து அகற்றவேண்டிய பொருளாகிவிடும். கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற கழிவு நிலையத்திற்கு அனுப்பும் செலவு சிறு சங்கத்திற்குச் சுமைதான்.

ஆகையால் கழுவும் திரவத்திற்கு வேறு பாத்திரம் வேண்டும். கழுவிய மண்ணெண்ணெயை மூடிய டப்பாவில் இரண்டு நாள் அசையாமல் வைத்தால் கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை இறுத்து மீண்டும் கழுவப் பயன்படுத்தலாம். இப்படிச் செய்தால் கழிவும் குறையும், புதிதாக வாங்கும் செலவும் குறையும். அடியில் தங்கிய கசடு மட்டுமே கழிவு.

நெசவாளர் சங்கங்களுக்கு இதில் சம்பந்தமில்லை என்று எண்ணவேண்டாம். திருபுவனத்தைப் போன்ற பட்டு ஊர்களில் சேலையில் பட்ட தறி எண்ணெய்க் கறை எத்தகைய நஷ்டம் என்பது நெசவாளர் அறிந்ததே. கறை நீக்கத் துணித்தொழிலில் முன்பு பெரிதும் வழங்கிய கார்பன் டெட்ராகுளோரைடு, மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி 2010 ஜனவரி 1 முதல் விலக்கப்பட்டது. அதனிடத்தில் வந்த டிரைகுளோரோஎத்திலீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. இவ்வகைக் குளோரின் கரைப்பான்களுக்கு இன்னொரு தன்மையும் உண்டு. எண்ணெய் நீரில் மிதப்பதால் கண்ணுக்குத் தெரிகிறது. இவையோ நீரினும் கனமானவை. கொல்லையில் ஊற்றினால் மணலூடே இறங்கி, நிலத்தடி நீருக்கும் அடியில் சென்று பல்லாண்டு தங்கிவிடுகின்றன. நம் ஊர்களில் குழாய்க்கிணறு இருப்பதும் பெரும்பாலும் அதே கொல்லையில்தான். இவற்றை மூடியோடு தனிப் புட்டியில் வைத்து, பெயர் எழுதி, கழிவாக ஒப்படைப்பதைத் தவிர வேறு வழியில்லை. துடைத்த துணிகளையும் குவியலாக விடலாகாது. வார்னிஷோ ஆளிவிதை எண்ணெயோ தோய்ந்த துணிக்குவியல் தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது. தறிக்கூடத்தில் பஞ்சும் நூலும் இருக்கின்றன.

மேலே கூறிய சங்கத்தில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நிர்வாகக் குழு தீர்மானம் போட்டு, மூடியுள்ள பீப்பாய் ஒன்று வாங்கியது. மழை படாத கூரையின் கீழ், சுற்றிலும் செங்கல் வரம்பு கட்டிய சிமெண்டுத் தரையில் அதை வைத்து, விதிப்படி பெயர்ச்சீட்டும் முதல் நாள் ஊற்றிய தேதியும் ஒட்டினார்கள். எண்ணெய் வடிகட்டிகளை ஓர் இரவு கவிழ்த்து வைத்து வடிக்கிறார்கள். பதிவேட்டில் ஒரு புதிய பக்கம் திறக்கப்பட்டது.

தொல்லை பிறகுதான் வந்தது. கழிவை 90 நாட்களுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு உட்பட்ட சிறியோருக்கு வாரியம் 180 நாள் வரையில் நீட்டிக்கலாம். அந்தக் காலத்தில் சேர்வதோ நாற்பது, ஐம்பது லிட்டர். அதற்காக எந்தச் சேகரிப்பாளரும் வண்டி அனுப்ப முன்வரவில்லை. பக்கத்துச் சங்கங்களின் எண்ணெயையும் ஓரிடத்தில் குவிக்கலாம் என்றார் ஒரு டைரக்டர். நான் தடுத்தேன், பிறர் கழிவைச் சேர்த்து வைக்கத் தனி அனுமதி வேண்டும். அதற்குப் பதிலாக, ஐந்து சங்கங்கள் கூடி ஒரே நாளைக் குறித்தன. சேகரிப்பாளரின் வண்டி அன்று ஐந்து ஊருக்கும் வந்தது. அவரவர் எண்ணெயை அவரவர் இடத்திலேயே அளந்து கொடுத்து, அவரவர் பெயரில் அனுப்புச் சீட்டுப் பெற்றார்கள்.

பத்தாம் எண் படிவமான அச்சீட்டுக்கு ஏழு படிகள். வண்டிக்காரர் கையெழுத்திட்ட மஞ்சள் படி நம்மிடம் தங்குகிறது. சரக்கைப் பெற்றவர் நமக்குத் திருப்பி அனுப்புவது நீலப் படி. அது வந்து சேரும் வரையில் அந்த நாற்பது லிட்டரைச் செலவு எழுதவேண்டாம் என்று காரியதரிசியிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த தணிக்கையில் நான் முதலில் கேட்கப்போவதும் அந்த நீலப் படியைத்தான்.