கார்லே வாயிலில் ஒரு தச்சர் பெயர்

சிற்பமும் பெருங்கட்டடமும் அரசர்தம் புகழுக்கே எழுந்தன என்பர். அன்பர்களே, பூனா ஜில்லாவில் லோனாவளாவை அடுத்த கார்லே சைத்தியத்தை நோக்குங்கள். ஏறத்தாழ 1900 ஆண்டுகட்கு முன் மலையைக் குடைந்து சமைத்தது. அதன் கல்லெழுத்துக்களில் அரசகுலத்தார் பெயரும் உண்டு. ஆயினும் தூண்களில் மிகுதியும் காண்பவை தேனுகாகடம் என்னும் ஊராரின் பெயர்களே. யவனரும் அவருள் உளர். வாயிலொன்றை அளித்தவர் வாசனைப் பண்டம் விற்றவர். வாயிலைச் செய்தவர் வேணுவாசன் மகனாகிய சாமி என்னும் தச்சர். ஆலையில் நாம் ஓட்டிய தறியின் துணியிலோ முதலாளி முத்திரையே விழுந்தது!

இத்தனை பேர் கூடி எழுப்பிய மண்டபத்தின் கோடியில் உருவச்சிலை ஏதுமில்லை, தூபியொன்றே நிற்கிறது. முகப்பிலுள்ள புத்தர் உருவங்கள் பிற்காலத்தே சேர்ந்தவை. மேலே பழைய மரவளைவுகள் இன்றும் உள. தூண்களுக்குப் பின்னே வலம்வரும் வழியொன்றுண்டு. கொடுத்தவரும் செய்தவரும் அவ்வொரே வழியாய்ச் சுற்றிவந்து பகவனை நினைத்தற்கே அஃது அமைந்தது.